நான் சுருக்கி எழுதிய ‘சேட்டை’

மனுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விதிகளையும் சுற்றறிக்கைகளையும் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு காரியம். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அதை மறக்கவில்லை.

இராமநாதபுரத்தில் நான் இருந்தது எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. திங்கட்கிழமை தோறும் அங்கே மனு வாங்குவோம். சாயல்குடி பக்கத்து உப்பளத்திலிருந்து வருவார்கள், திருப்பாலைக்குடியிலிருந்து வலை கிழிந்த கதையோடு வருவார்கள், பட்டா, பாதை, குடிநீர், முதியோர் உதவித்தொகை என்று வருவார்கள். வருகிற ஒவ்வொரு மனுவையும் படித்து, எண் கொடுத்து, அது எதைப் பற்றியது என்று கணினியில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். மனுச் சுருக்கம் என்று பெயர். நீங்களும் அதைத்தான் எழுதப்போகிறீர்கள். மேலே இருக்கும் அதிகாரிகள் முழு மனுவையும் படிக்க நேரமில்லாதவர்கள். அவர்கள் கண்ணில் படுவது அந்த வரி மட்டும்தான். மனு எந்த மேசைக்குப் போகும், யார் விசாரிப்பார்கள், யாருக்கு நகல் போகும் எல்லாவற்றையும் அந்த வரிதான் முடிவு செய்கிறது.

நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒருவர், மனுவில் இருக்கும் அழுகையை எடுத்துவிட்டுக் கோரிக்கையை மட்டும் எழுது என்று சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். முப்பது வருடம் அப்படியே எழுதினேன்.

அந்தத் திங்கட்கிழமை கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. மின்விசிறி ஓடவில்லை. என் மேசைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் தவமணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். மகள் நிரோஜாவுக்கு முப்பதை ஒட்டிய வயது. மண்டபம் அகதி முகாமில் இருக்கிறார்கள். மன்னார் பக்கமிருந்து படகில் வந்தபோது நிரோஜா சின்னப் பிள்ளை. நிரோஜாவின் கணவர் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போய்விடுவார். நிரோஜா கடலோரத்தில் ஒரு நண்டு கம்பெனியில் வேலை பார்த்தாள். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்து டப்பாவில் அடைக்கும் இடம். ஒரு ஷெட்டில் நாற்பது பெண்கள், அவர்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர்.

மனுவை எழுதியது தாய். முத்து முத்தான கையெழுத்து. ஒரு பக்கம்கூட இல்லை. கம்பெனி மேற்பார்வையாளர் என் மகளோடு சேட்டை விடுகிறார், பலமுறை சொல்லியும் நிறுத்தவில்லை, மேலதிகாரிகள் தயவுகூர்ந்து இதை நிறுத்தித் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

சேட்டை. என் பேரனுக்கு அப்போது நான்கு வயது. அன்று காலையில்தான் என் கண்ணாடியைத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டு மூடிவைத்திருந்தான். சேட்டை என்றால் எனக்கு அதுதான்.

ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இதற்காகவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தார்கள் என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்து நிரோஜாவிடம் கேட்டேன்.

“சேட்டைன்னா என்னம்மா, கேலி கிண்டல் பண்றாரா?”

அவள் பின்னால் மனு கொடுக்க ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவருடைய தோள்பை அவள் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பார்த்தாள். “ஓம் மேடம்” என்றாள். உடனே திருத்திக்கொண்டு “ஆமா மேடம்” என்றாள்.

நான் எழுதிய வரி இது: ‘தனியார் நிறுவன மேற்பார்வையாளர் வேலை நேரத்தில் குறும்பு செய்து தொந்தரவு தருவது குறித்து.’ தொழில் தொடர்பான பிரிவுக்கு அனுப்பினேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். தவமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தவமணி தனியாக வந்தார். மனு வாங்கும் நாள் அல்ல. பிரிவில் நானும் இன்னொரு தட்டச்சரும்தான் இருந்தோம். ரசீதை மேசையில் வைத்தார்.

“இந்த மனுவைத் திருப்பித் தாங்கோ அம்மா. எங்களுக்கு வேண்டாம்” என்றார்.

கொடுத்த மனுவைத் திருப்பித் தர முடியாது என்றேன். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அது ஏற்கெனவே முடிந்துவிட்டது, கம்பெனியிலிருந்து பதில்கூட வந்திருக்கிறது என்று ஆறுதல் சொல்வது போலச் சொன்னேன். கேலி பண்ணினதுக்கு அவர்களைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள் என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“கேலியோ? கேலி எண்டு ஆர் எழுதினது?”

நீங்கதானே சேட்டை என்று எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. நான் விளையாடுகிறேனா என்று பார்த்தார். பிறகு தட்டச்சருக்குக் கேட்காதபடி மேசைக்கு மேல் குனிந்து சொன்னார்.

“சின்னப் பிள்ளை செய்தா அது குழப்படி. வளந்த ஆம்பிளை ஒருத்தன் பொம்பிளைப் பிள்ளையோட சேட்டை விட்டவன் எண்டா, அது கையால செய்யிற ஊத்தை வேலை. எங்கட ஊர்ப் பேப்பரிலயும் அப்பிடித்தான் போடுவினம். இதைவிட வெளிச்சமா ஒரு தாய் எப்பிடி எழுதிறது?”

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. உண்மையாகவே சொல்கிறேன், அவர் அதற்குப் பிறகு பேசிய இரண்டு மூன்று வாக்கியங்கள் எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவரைக் கைபிடித்து உள்ளே பதிவறைக்குக் கூட்டிக்கொண்டு போய், நாற்காலி போட்டு, கதவைச் சாத்தினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை அன்றைக்குச் செய்தேன்.

எடை போடும் இடத்தில் அந்த ஆள் பின்னால் வந்து ஒட்டி நிற்பான். டப்பாவை வாங்கும் சாக்கில் கையைப் பிடிப்பான். ஐஸ் எடுத்து வா என்று குளிர் அறைக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்து கதவைச் சாத்துவான். இது ஆறு மாதமாக நடந்தது. நிரோஜா இருமுறை மேனேஜரிடம் சொன்னாள். முகாம்காரிக்கு இவ்வளவு வாயா என்று கேட்டார்களாம். வேலையை விட்டால் வேறு வேலை கிடைப்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் மனு கொடுக்க வந்தார்கள்.

மனு கொடுத்த பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான் குறும்பு என்று எழுதியதால் அது சாதாரணத் தாளாகப் போனது. சரியாக எழுதியிருந்தால், வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் கொடுமைகளை விசாரிக்கும் மாவட்டக் குழுவுக்கு, பெயர் வெளியே தெரியாத உறையில் போயிருக்கும். சாதாரணத் தாள் என்பதால், பதில் கேட்டு மனுவின் நகல் கம்பெனிக்கே போனது. நிரோஜாவின் பெயரும், அவள் அம்மாவின் கையெழுத்தும், என்னுடைய ஒரு வரியும் சேர்ந்து போயின.

மேனேஜர் வேலையை நிறுத்தச் சொல்லி, நாற்பது பெண்களையும் ஷெட்டில் நிற்க வைத்து, மனுவைச் சத்தமாக வாசித்திருக்கிறார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். சின்னப்புள்ள மாதிரி இவரு என்னதான் சேட்டை பண்ணுனாரு, செஞ்சு காட்டு என்று நிரோஜாவை முன்னால் கூப்பிட்டிருக்கிறார்கள். பெண்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவள் கையில் போட்டிருந்த உறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மண்டபம் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு மூன்று வாரமாக வீட்டுக் கதவைத் தாண்டவில்லை. சோறு வைத்தால் இரண்டு வாய். கணவர் போன் பண்ணினால் எடுப்பதில்லை. முகாமில் தண்ணீர் பிடிக்கப் போகும் இடத்திலும் அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்துவிட்டது.

தவமணி போன பிறகு கம்பெனியின் பதிலைத் திறந்து படித்தேன். மேற்பார்வையாளர் கலகலப்பாகப் பழகும் சுபாவம் உள்ளவர் என்றும், மனுதாரரின் மகள் முன்னிலையிலேயே எல்லாப் பணியாளர்களிடமும் விசாரித்ததில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அதன் கீழே ‘மனு முடிவு செய்யப்பட்டது’ என்று இருந்தது. யார் முடிவு செய்தது என்று பார்த்தேன். என்னுடைய பெயர். பதில் வந்த அன்று, முதல் வரியைப் பார்த்துவிட்டு, வேறு இருபது மனுக்களோடு சேர்த்து நானே முடித்திருக்கிறேன். எனக்கு அந்த நாளே ஞாபகத்தில் இல்லை.

நானும் பெண்தான். அவள் கண்ணெதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதினேன்.

மறுநாள் எங்கள் கண்காணிப்பாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். புதிதாக ஒரு மனு எழுதி வாங்கி, நேராகக் குழுவுக்கு அனுப்பிவிடலாம் என்றார். முதலில் எனக்கும் அதுவே சுலபமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான் உறைத்தது. புது மனு வந்தால் கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள்? முதலில் குறும்பு என்று சொன்னவள், அது எடுபடாததால் இப்போது பெரிதாகக் கிளப்புகிறாள் என்பார்கள். அரசாங்கத் தாளிலேயே குறும்பு என்றுதான் இருக்கிறது என்று காட்டுவார்கள். என்னுடைய வரிதான் அந்த ஆளுக்கு முதல் சாட்சி.

அதனால் பழைய மனுவைத்தான் திறக்க வேண்டும், தவறு சுருக்கத்தில் நேர்ந்தது, மனுவில் இல்லை என்று நான் குறிப்பு எழுத வேண்டும் என்றேன். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, இன்னும் ரெண்டு வருசம்தான் இருக்கு உங்களுக்கு. நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மெமோ வராம என்ன செய்யும்? பென்சன் பேப்பர்ல போய் நிக்கும். அந்தப் புள்ளைக்கு நல்லது நடக்கணும், அம்புட்டுத்தான? புது மனுவ வாங்குங்க.”

பயமாகத்தான் இருந்தது. தைரியசாலி போல உங்களிடம் காட்டிக்கொள்ள மாட்டேன். இரண்டு நாள் எழுதவில்லை. அந்த இரண்டு நாளில் வேறொரு காரியம் செய்தேன். சேட்டை என்பதற்கு அவர்கள் பேச்சு வழக்கில் அதுதான் பொருள் என்று தவமணி ஒருவர் சொன்னால் போதுமா என்று சந்தேகம் வந்தது. சனிக்கிழமை மண்டபத்துக்குப் பஸ் ஏறினேன்.

முகாமில் கூட்டுறவுக் கடை முன்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நான் யார் என்று சொல்லிவிட்டு, சேட்டை என்றால் உங்களுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். ஒருத்தி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். இன்னொருத்தி தன் பெண் பிள்ளையை வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டினாள். தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு பெண் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போய், “ஆம்பிளையள் நிக்கிற இடத்தில இந்தச் சொல்லைக் கேக்காதேங்கோ அக்கா” என்றார்.

எனக்கு அகராதி தேவைப்படவில்லை. நான் சாதாரணமாகக் குறும்பு என்று மாற்றித் தட்டிய சொல், அங்கே ஒரு தெருவையே தலைகுனிய வைத்தது. தவமணி எவ்வளவு யோசித்து, எவ்வளவு கூசி, அதைக் காகிதத்தில் எழுதியிருப்பார் என்று அப்போதுதான் விளங்கியது. நாலு பேர் படிக்கும் காகிதத்தில் தன் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதக்கூடிய ஆகக் கனமான சொல்லை எழுதியிருக்கிறார். நான் அதைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அன்றைக்கு நிரோஜாவின் வீட்டுக்கும் போனேன். அவள் வெளியே வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். திரும்பி நடந்தபோது தவமணி பின்னால் வந்து, அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்றார்.

திங்கட்கிழமை காலை குறிப்பை எழுதினேன். ஒரு பக்கம். மனுவில் உள்ள சொல்லின் பொருளை நான் கேட்டறியவில்லை. கூட்டத்தின் நடுவில், ஆண்கள் நிற்கும்போது, ஆம் என்று மட்டுமே சொல்லக்கூடிய விதத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அந்த ஆம் என்பதை வைத்துத் தவறாகச் சுருக்கினேன். மனுதாரர் முதல் நாளிலேயே பாலியல் தொல்லை என்றுதான் புகார் கொடுத்திருக்கிறார். கண்காணிப்பாளர் படித்துவிட்டு மேலே அனுப்பினார். மனு மறுபடி திறக்கப்பட்டுக் குழுவுக்குப் போனது.

குழு விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. நிரோஜா வந்து பேசினாள். அவள் பேசும்போது நாங்கள் யாரும் உள்ளே இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வந்தபோது அவள் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் நிமிர்ந்து நடந்தாள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனி சார்பில் மேனேஜரே வந்திருந்தார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டது நியாயமான கேள்வி. முப்பது வருசம் தமிழ் மனு படிச்ச உங்களுக்கே அந்த வார்த்தை விளங்கல, எங்களுக்கு எப்படி விளங்கும் என்றார். எனக்கு விளங்கவில்லை என்பது உண்மை, விளங்காததைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை, அது என் குற்றம் என்றேன். நீங்கள் கேட்டீர்கள், ஆனால் நாற்பது பேர் முன்னால், அந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டீர்கள் என்றேன்.

பிறகு கம்பெனி கூட்டிவந்த சாட்சி வந்தார். ஆரோக்கியமேரி என்று பெயர், நாற்பது வயதிருக்கும், கடற்கரைக் கிராமம். கணவர் படகுக்குப் போகிறவர். ஷெட்டில் அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தவரே அவர்தான் என்று நிரோஜா சொல்லியிருந்தாள். சூப்பர்வைசர் வேடிக்கையாகப் பேசும் ஆள், வேறொன்றும் இல்லை என்று சொல்லத்தான் அவரைக் கூட்டிவந்திருந்தார்கள். அவரும் அப்படியே ஒப்பித்தார். குழுத் தலைவர் மேனேஜரை வெளியே இருக்கச் சொன்னார். என்னையும் எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஆரோக்கியமேரிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அன்னைக்கு எதுக்குச் சிரிச்சீங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஆரோக்கியமேரி டம்ளரை மேசையில் வைத்தார்.

“சிரிக்காம நின்னா அடுத்து எங்களத்தானம்மா பாப்பாரு” என்றார்.

பிறகு, “அந்தப் புள்ள எழுதுன வார்த்தைக்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியாது. அவரு என்ன செஞ்சாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்திவிட்டாள். எழுதிக்கொள்ளுங்கள் என்று தலைவர்தான் மெதுவாகச் சொன்னார். இவ்வளவு நாளும் அந்தப் பெண்கள் அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அவர்கள் சிரித்ததே பயத்தில். அந்தக் குளிர் அறைக்குள் ஐஸ் எடுக்கப் போனவள் நிரோஜா ஒருத்தி மட்டும் இல்லை.

அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பியதும் நான் பழைய மனுக்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கும் நேரான சொல் கிடையாதே என்று திடீரென்று தோன்றியது. தப்பா நடந்துக்கிட்டான், ஒரு மாதிரி பேசினான், மரியாதையில்லாம இருக்கான் என்றுதான் நாமும் சொல்கிறோம். அவமானமான காரியத்துக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் எல்லாம் துணி போர்த்தியவை. கூச வேண்டியவன் செய்தவன், ஆனால் கூசுகிறவள் சொல்லுகிறவள். அதனால் அவள் போர்த்தித்தான் சொல்லுவாள்.

முந்தைய வருடத்து மனு ஒன்று கண்ணில் பட்டது. சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்த பெண். முதலாளி மகன் என்னிடம் சரியில்லாமல் நடக்கிறார், நான் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று எழுதியிருந்தாள். அதன் சுருக்கம்: ‘வேலை அளிப்பவருடன் கருத்து வேறுபாடு குறித்து.’ என் வரிதான். மனுவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்தேன். குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை. அவள் மனுவைப் பார்த்தது நான் மட்டும்தான்.

எனக்கு மெமோ வந்தது. ‘கவனக்குறைவு’ என்று போட்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் எனக்காகப் பேசி, உள்ளதில் லேசான சொல்லாகப் பார்த்துப் போட வைத்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. விளக்கக் கடிதத்தில், கவனக்குறைவு என்பது சரியல்ல, நான் கவனமாகத்தான் படித்தேன், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று எழுதினேன். அதைப் படித்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். கண்டனம் பதிவேட்டில் ஏறியது. இருக்கட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு பெண் மேசைக்கு முன்னால் நின்று சொல்லைத் தேடினால், நீங்கள் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் சொல்லை அவள் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வரிசையை நிறுத்துங்கள். பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, உங்க ஊர்ல இதுக்கு என்ன அர்த்தம், எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க என்று கேளுங்கள். அவள் எழுதிய சொல்லை மாற்றாமல் அப்படியே சுருக்கத்தில் எழுதுங்கள். நல்ல தமிழாக்க வேண்டாம்.

குழுவின் உத்தரவு வந்தது. புகார் உண்மை என்று சொல்லி, அந்த ஆளை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி, போலீசுக்கும் எழுதியிருந்தார்கள். அவன் போய்விட்டான். வழக்கு இன்னும் நடக்கிறது. மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உத்தரவின் நகலை வாங்க நிரோஜாவே வந்தாள். ஆறு பக்கம். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“இந்தப் ‘பாதிக்கப்பட்ட பெண்’ எண்டது நானோ?”

ஆமாம் என்றேன். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, உங்கள் நன்மைக்காகத்தான் என்றேன்.

“சிரிக்கேக்க என்ர பேரைச் சொல்லித்தானே சிரிச்சவை” என்றாள். “நான் சொன்னது உண்மை எண்டு எழுதேக்க என்ர பேர் இல்லை.”

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஆரோக்கியமேரி போன் செய்தார். குழு விசாரணை அன்று என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் நிரோஜா கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து நின்றாளாம். பெண்கள் வேனில் ஏற வந்தபோது பையிலிருந்து உத்தரவை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாளாம். வேன் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருத்திகூட ஏறவில்லை. பாதிக்கப்பட்ட பெண் என்று அச்சடித்திருந்த ஒவ்வொரு இடத்திலும் அவள் தன் பெயரைச் சொல்லி வாசித்தாள் என்றார் ஆரோக்கியமேரி.